குரல் ஜப்தி

கோர்ட் அமீனா வந்தபோது ஜெசிந்தா கடல் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே அவர் தோல்பையைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றார். உள்ளே சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

"தென்கிழக்குக் காத்து. மத்தியானத்துக்கு மேல வேகம் கூடும். பாறைத்திட்டைத் தாண்டி யாரும் போகவேண்டாம். போனவிய திரும்பிருங்க" என்றாள் ஜெசிந்தா. அவ்வளவுதான் செய்தி. அலங்காரம் எதுவும் கிடையாது.

தோணித்துறை மீனவர் சங்கத்தின் மாடியில் ஒரே ஒரு அறைதான் துறை வானொலி. கிழக்கே தெரியும் கடலில் அவள் குரல் எட்டாத படகு இல்லை. செயற்கைக்கோள் படமும் கைபேசி எச்சரிக்கையும் எல்லாப் படகிலும் இருந்தன. ஆனால் ஒரு கார்த்திகை மாதம், வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்த காலையில், "எல்லாரும் கரைக்கு வாங்க. இப்பவே" என்று அவள் சொன்னாள். வலையில் மீன் கொழித்துக் கிடந்தது. வலையை அறுத்துவிட்டு வந்தார்கள். பொழுது சாய்வதற்குள் கடல் தலைகீழாகப் புரண்டது. வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஏன் திரும்பி வந்தீர்கள் என்று பிறகு கேட்ட அதிகாரிகளுக்கு, "ஜெசிந்தா சொல்லிட்டா" என்பதற்கு மேல் அவர்களிடம் பதில் இல்லை.

விளக்கு அணைந்ததும் அமீனா எழுந்தார். "யம்மா, ஒரு கையெழுத்து."

அவள் தாளை வாங்கிப் படித்தாள். கரைமணி ஃபைனான்ஸ் என்ற நிறுவனம் கடனுக்காகக் கோர்ட்டில் அவள்மேல் பெற்ற டிகிரிப்படி, அதாவது தீர்ப்புப்படி, இன்னும் பணம் வரவில்லை; அதனால் அவளை ஏன் சிவில் ஜெயிலில் அடைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் காட்ட வேண்டும்.

"ஜெயிலா? நான் யாரு வயித்துல குத்துனேன்?"

"பதறாதீங்க. இது வாரண்ட் இல்ல. உங்களைக் கேக்காம உள்ள வைக்க முடியாது. வந்து உங்க பக்கத்தைச் சொல்லுங்க. வராம இருந்தாத்தான் வாரண்ட்." அவர் செருப்பை மாட்டிக்கொண்டே தயங்கினார். "என் மச்சான் உங்க பேச்சைக் கேட்டுத்தான் கடலுக்குப் போறாரு. கட்டாயம் வந்துருங்கம்மா."

கடன் அவளுடையது அல்ல. அவள் புருஷன் கஸ்பார் விசைப்படகு வாங்க வாங்கியது. அவள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாள். மறு வருடமே படகு பாறையில் மோதிப் பிளந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் ஓட்டியவன்மேல் தப்பு என்று கைவிரித்துவிட்டார்கள். கஸ்பார் அதற்குப் பிறகு அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறான்.

இலவச சட்ட உதவி வக்கீல் ஜுலைகாவின் அலுவலகம், தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. நரைத்த முடியை முக்காட்டுக்குள் தள்ளிவிட்டபடி நோட்டீசைப் படித்தாள்.

"பயப்படாதீங்க ஜெசிந்தா. கொடுக்க முடியாதவங்களை ஜெயில்ல போட சட்டம் விடாது. கொடுக்க வசதி இருந்தும் மாட்டேன்னு நிக்கறவங்களைத்தான் போடலாம். இல்லன்னா, கடன்காரன் கைக்கு எட்டக்கூடாதுன்னு சொத்தை ஒளிச்சவங்க, அழிச்சவங்க. அதையும் அவங்கதான் நிரூபிக்கணும்."

"அப்ப எனக்கு என்ன பயம்? எங்கிட்ட என்ன வசதி இருக்கு? தாலியில குண்டுமணித் தங்கம்கூட இல்ல."

"முன்னாடியெல்லாம் பணக் கடனுக்காகப் பெண்களைக் கைது பண்ணவே கூடாதுன்னு இருந்தது. சமத்துவம்னு சொல்லி எடுத்துட்டாங்க."

"சமத்துவத்தை அங்க இருந்தா ஆரம்பிச்சாவ?"

ஜுலைகா சிரிக்கவில்லை. மேஜைத் திரையை அவள் பக்கம் திருப்பினாள். "இதுதான் பிரச்சினை. முன்னாடி ஜட்ஜே கேள்வி கேட்டு, உங்ககிட்ட வசதி இருக்கா இல்லையான்னு பார்ப்பாரு. இப்ப வசதிமானின்னு ஒரு மெஷின். உலகத்துல விக்கக்கூடியது எதெல்லாம் உங்ககிட்ட இருக்குன்னு அது கணக்குப் போடும். பாருங்க. வீடு, ஒரே வீடு, தொட முடியாது. அடுப்பு, பாத்திரம், வலை, தொட முடியாது. சம்பளம் வரம்புக்குக் கீழ. இது வரைக்கும் நமக்குச் சாதகம். கடைசி வரி என்ன?"

ஜெசிந்தா வாசித்தாள். 'குரல்.' அதற்கு எதிரே ஒரு தொகை. கடனையும் வட்டியையும் சேர்த்தாலும் அந்தத் தொகையில் பாதிகூட வராது.

"குரலை எப்படிக்கா விக்க?"

"உங்க குரலை மெஷின் படிச்சுக்கும். வாங்கினவன் அதை வச்சு எதை வேணும்னாலும் பேச வைக்கலாம், யார்கிட்ட வேணும்னாலும். நீங்க வீட்டுல பேசலாம், கடையில பேசலாம். வானொலியில, மேடையில மட்டும் கூடாது. அது அவன் சொத்து."

"எல்லார் குரலும் இந்த விலையா?"

"என் குரல் ஒரு செல்போன் வாங்கக் காணாது. எத்தனை பேர் கேட்டதும் சொன்னதைச் செய்யறாங்க, அதுதான் விலை. பங்குச் சந்தை மாதிரி ஏறும், இறங்கும். உங்க குரலைக் கேட்டா ஆயிரம் பேர் வலையை அறுக்கறாங்களே, ஜெசிந்தா."

அந்த வாரமே கரைமணி ஃபைனான்ஸிலிருந்து ஆள் வீடு தேடி வந்தான். நிரஞ்சன் என்று பெயர், தீர்வு அதிகாரி என்று பதவி. மரியாதையான பையன். கொடுத்த காபியை மிச்சம் வைக்காமல் குடித்தான். ஒப்பந்தத்தைக் கையெழுத்து போட வேண்டிய பக்கமாகத் திருப்பி வைத்தான்.

"கடன் முழுசும் போயிடும்க்கா. அது போக உங்க கைக்கும் ஒரு நல்ல தொகை வரும். அண்ணனுக்கு இன்னொரு படகே வாங்கலாம்."

"வாங்கி என்ன செய்வீய?"

அவன் மறைக்கவில்லை. "ஞாபகப்படுத்தற கால்தான். இந்தக் கடற்கரை முழுக்க எங்களுக்குப் பாக்கி இருக்கு. எங்க நம்பர்னு தெரிஞ்சாலே எடுக்க மாட்டேங்கறாங்க. உங்க குரல்னா வைக்க மாட்டாங்க. 'இந்த வாரத்துக்குள்ள கட்டிருங்க, இல்லன்னா வீடு போயிரும்'னு நீங்க சொன்னா, எதையாவது வித்துக் கட்டிடுவாங்க. நீங்க சொன்னா கடல்லேருந்தே திரும்பறவங்கதானே."

ஜெசிந்தா எழுந்து நின்றாள். "காபி குடிச்சாச்சுல்லா? கிளம்புங்க தம்பி."

அவன் தெருமுனை திரும்புவதற்குள் கஸ்பார் வெடித்தான். அதுவரை சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவன்.

"கையைக் கேட்டானா, காலைக் கேட்டானா? வெறும் சத்தம். அதைக் குடுத்துட்டு நிம்மதியா இருக்கக் கூடாதா? என்னாலதானே நீ ஜெயிலுக்குப் போவணும்? ஊரு என் மூஞ்சியில காறித் துப்பாதா?"

"துப்பட்டும். தொடச்சுக்கிடுங்க."

"ஜெசி..."

"மரியஅமலம் வீட்டுல நாளைக்கு ஒரு போன் வருது. அவ எடுக்கா. நான் பேசுதேன். 'மரியம், மவ கல்யாணத்துக்கு வச்சிருக்க நகையைக் கொண்டு போய்க் கட்டிரு'ன்னு. நான் பேசுதேன். எனக்கே தெரியாம. அவ கட்டிட்டு என்னைப் பாக்க வருவா. நான் என்ன சொல்ல? 'அது நான் இல்ல'ன்னா? இந்த ஊர்ல ஒரு வீடு விடாம நான் நுழைஞ்சு அறுக்கணுமா? ஜெயிலு எனக்கு ஒண்ணும் பெருசில்ல."

கஸ்பார் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அதற்குப் பிறகு பல நாள் அவர்களுக்குள் சோற்றுக்கும் குழம்புக்குமான பேச்சு மட்டும்தான் இருந்தது.

சார்பு நீதிமன்ற நீதிபதி திருமலைக்கொழுந்து மெலிந்த மனிதர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்வார். அவருக்குப் பின்னால் சுவரில் இரண்டு திரைகள். ஒன்று வழக்கை ஊருக்கெல்லாம் நேரலையில் காட்டுவது. எல்லாக் கோர்ட்டுகளிலும் அப்போது அது கட்டாயம். இன்னொன்று வசதிமானி.

"பெரிய சிக்கலே இல்லை ஐயா" என்றார் கரைமணியின் வக்கீல் வைத்தியலிங்கம். "கடனைவிட ரெண்டு பங்கு மதிப்புள்ள சொத்து எதிர்மனுதாரர்கிட்ட இருக்கு. வாங்க நாங்களே தயார். விக்க மாட்டேங்கறாங்க. வசதி இருந்தும் மறுப்பது என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?"

ஜுலைகா எழுந்தாள். "ஒருத்தரோட குரலும் அவங்க சட்டையும் ஒண்ணா ஐயா? உடுத்தின துணியைக்கூட ஜப்தி பண்ணக் கூடாதுங்குது சட்டம்."

"உடுத்தின துணி பட்டியலில் இருக்கு, குரல் இல்லையே" என்றார் வைத்தியலிங்கம்.

நீதிபதி ஜெசிந்தாவைப் பார்த்தார். "ஏம்மா, வித்தாலும் நீங்க ஊமையாகப் போறதில்லை. அப்புறம் என்ன தயக்கம்?"

"நான் பேசறதுல தயக்கம் இல்லய்யா. அவிய பேசறதுலதான். என் தொண்டையில இருந்து அவிய பேசி, எங்க சனங்க வீட்டை எழுதி வாங்குவாவ. கடனை நான் மறுக்கல. இனிமே மாசாமாசம் கட்டுதேன். இதைக் குடுத்துக் கட்டமாட்டேன்."

அவர் செருமினார். "உங்க சங்கடம் எனக்குப் புரியுது. ஆனா 'ஏன் விக்கலே'ங்கறது சட்டம் என்னைக் கேக்கற கேள்வி இல்லை. முடியுமா, முடியாதா, அதுதான் கேள்வி. முடியும்ங்குது இந்தத் திரை." பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். "ஒரு வாய்தா தர்றேன். விக்கச் சம்மதம்னா வந்து சொல்லுங்க. இல்லேன்னா உத்தரவு போட வேண்டியிருக்கும்."

வெளியே வேப்பமரத்தடியில் ஜுலைகா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். ஜெசிந்தா குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "எக்கா, நம்புறதுதானே விலை? நம்பலன்னா?"

"விலை இல்லை. ஆனா..." ஜுலைகாவுக்கு விளங்கிவிட்டது. "வேண்டாம் ஜெசிந்தா. வேணும்னே அழிச்சா அதுவும் ஜெயில்தான். நான் சொன்னேனே."

"ரெண்டும் ஜெயில்னா, நானா பாத்து எடுத்த ஜெயிலுக்கே போறேன்."

மறுநாள் விடியற்காலைச் செய்தியில் காற்றையும் நீரோட்டத்தையும் சொல்லி முடித்த பிறகும் அவள் மைக்கை அணைக்கவில்லை.

"இன்னொண்ணு சொல்லணும். நல்லா கேட்டுக்கிடுங்க. என் குரலைக் கேட்டு இத்தனை நாள் நம்புனீய. இனிமே நம்பாதீய. நாளைக்கு என் குரல்ல யாராவது போன் பண்ணி, கடனைக் கட்டு, நகையைக் குடு, வீட்டை எழுதுன்னா, பேசறது ஒரு மெஷினு. வச்சிருங்க. கடல்ல இருக்கிறவியளும் அப்படித்தான். நான் திரும்பச் சொன்னாலும் உடனே திரும்பாதீய. வயர்லெஸ்ல கூப்பிடுங்க, எதையாவது கேளுங்க, நாந்தான்னு தெளிஞ்ச பொறகு திரும்புங்க. இன்னைலேருந்து வெறும் குரலுக்குன்னு ஒரு மதிப்பும் கிடையாது. ஜெசிந்தா சொல்லுதேன்."

சங்கச் செயலாளர் மாடிப்படியில் மூச்சு வாங்க ஓடிவந்தார். "எம்மா, என்ன காரியம் செஞ்ச? நாளைக்குப் புயல் வந்தா?"

"கூப்பிட்டுக் கேப்பாவ."

கேட்டார்கள். பத்துப் பதினைந்து படகுகள் அன்றே கூப்பிட்டு, "யக்கா, எம்பொண்டாட்டி பேரென்ன?" என்றும், "போன பாஸ்கா திருநாளுக்கு எங்க வீட்டுல என்ன சாப்பிட்ட?" என்றும் கேட்டுச் சிரித்தன. சிரிப்பாகவே போயிருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் அந்த வாரக் கடைசியில் திடீர்க் காற்று எழும்பியது. அவள் கரைக்கு அழைத்தாள். ஜெர்வாஸ் என்பவன் மட்டும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. மெஷின்தான் விளையாடுகிறது என்று நினைத்து வலையை இழுத்துக்கொண்டிருந்தான். அலை படகைத் தூக்கி அடித்ததில் வலை இழுக்கும் உருளையில் வலது கை சிக்கி முறிந்தது.

ஜெசிந்தா ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஜெர்வாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உன் மானத்தைக் காப்பாத்த என் கைதான் கிடைச்சுதா?"

கட்டில் ஓரத்தில் அவன் மனைவி கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா டம்ளரை வாங்கி, அவன் குடித்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் குடித்தான்.

வாய்தா நாளில் கோர்ட் வராந்தாவில் கால் வைக்க இடமில்லை. பெண்கள் மீன்கூடையோடு வந்து நின்றார்கள். வசதிமானியின் கடைசி வரியில் 'குரல்' என்பதற்கு எதிரே இருந்த தொகை ஒரு மிதிவண்டி விலைக்கு இறங்கியிருந்தது.

"ஆகவே வசதி இல்லை" என்றாள் ஜுலைகா.

"இருந்ததை அழித்துவிட்டார்" என்றார் வைத்தியலிங்கம். "டிகிரிதாரருக்குக் கிடைக்கக்கூடாது என்று சொத்தை நாசம் செய்திருக்கிறார். கெட்ட எண்ணத்தோடு செய்த காரியம். அதற்கும் சிவில் ஜெயில்தான். வேண்டிய சாப்பாட்டுப் படியைக் காலையிலேயே கோர்ட்டில் கட்டிவிட்டோம்."

கடனாளியை உள்ளே வைக்கக் கேட்பவர்தான் அவருடைய சாப்பாட்டுச் செலவை முன்கூட்டியே கட்ட வேண்டும். அது பழைய வழக்கம், மெஷின் வந்த பிறகும் மாறவில்லை.

வைத்தியலிங்கம் ஜெர்வாஸைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். மாவுக்கட்டோடு ஏறி நின்றான்.

"எதிர்மனுதாரர் அப்படி அறிவித்ததால்தானே உங்கள் கை முறிந்தது?"

"ஆமா."

"முன்பு அவர் குரலை நம்பினீர்கள். இப்போது?"

ஜெர்வாஸ் ஜெசிந்தாவைப் பார்த்தான். கோபம் இன்னும் அவன் கண்ணில் இருந்தது. "கூப்பிட்டுக் கேளுன்னு அவ சொன்னா. நான் கேக்கல. அவமேல எனக்கு வருத்தம் இருக்கு, தீரல. ஆனா அவ பொய் சொன்னான்னு எழுதிக்கிட என் வாயைப் பிடுங்காதீங்க."

நீதிபதி நேராக ஜெசிந்தாவிடம் திரும்பினார். "நான் கேக்கறதுக்கு நீங்களே பதில் சொல்லுங்கம்மா. அந்த அறிவிப்பை எதுக்குச் செஞ்சீங்க? மீனவர்களை எச்சரிக்கவா? இல்லை, குரலோட மதிப்பைக் குறைக்கவா?"

முதல் காரணத்தை மட்டும் சொல்லும்படி ஜுலைகா முந்தின நாள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அதுவும் உண்மைதான், பாதி உண்மை. அதோடு நிறுத்தினால் வீட்டுக்குப் போகலாம். ஜெர்வாஸ் இறங்கிய கூண்டில் ஏறி ஜெசிந்தா கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டுக்கும்தான்யா. விலையில்லாமப் பண்ணணும்னுதான் செஞ்சேன். அது குத்தம்னு வக்கீலம்மா முன்னாடியே சொல்லியிருந்தாவ. தெரிஞ்சுதான் செஞ்சேன். ஜெர்வாஸுக்குக் கை போகும்னு தெரியாது. அது என் பாவம், அதை நான் அவன்கிட்ட தீத்துக்கிடுதேன். ஆனா திரும்பவும் விலை வந்தா, திரும்பவும் அழிப்பேன். ஜெயில்ல போடுங்க. என் சனத்தை ஏமாத்துற வாயா நான் இருக்கமாட்டேன்."

ஜுலைகா கண்ணை மூடிக்கொண்டாள்.

நீதிபதி உத்தரவை எழுதினார். பிறகு மெல்ல வாசித்தார். வசதி இல்லை என்பது நிரூபணம். ஆனால் கெட்ட எண்ணத்தோடு சொத்தை அழித்ததை எதிர்மனுதாரர் தாமே ஒப்புக்கொண்டார். மூன்று மாதம் சிவில் சிறை. கையெழுத்துப் போட்டுத் தாளைப் பெஞ்ச் கிளார்க்கிடம் நீட்டினார். வராந்தாவில் ஒரு பெண் ஓவென்று அழ ஆரம்பித்தாள். கஸ்பார் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

தாளை வாங்கக் கை நீட்டிய கிளார்க் அப்படியே நின்றார். அவர் பார்வை சுவரில் இருந்தது. "ஐயா, வசதிமானி..."

கடைசி வரியில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. மிதிவண்டி விலை மோட்டார் வண்டி விலையாயிற்று, பிறகு கார், பிறகு முதலில் இருந்த தொகை. அங்கேயும் நிற்காமல் அதைத் தாண்டி ஏறியது. நேரலையைத் தோணித்துறை மட்டும் பார்க்கவில்லை. கடற்கரை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. தன்னை ஜெயிலுக்கு அனுப்பும் உண்மையைத் தானே சொன்ன ஒரு குரலை அவர்கள் கேட்டிருந்தார்கள்.

வைத்தியலிங்கத்தின் காதில் மாட்டியிருந்த போன் கிசுகிசுத்தது. அவர் துள்ளி எழுந்தார். "ஐயா, நாங்கள் கைது கேட்டதைத் திரும்பப் பெறுகிறோம். எங்களுக்கு எதிர்மனுதாரர்மேல் எந்தப் பகையும் இல்லை. பேசித் தீர்த்துக்கொள்கிறோம். உத்தரவை ரத்து செய்யப் பிரார்த்திக்கிறேன்."

"எதிர்மனுதாரருக்கு ஆட்சேபனை இருக்கப் போவதில்லை" என்றபடி நீதிபதி தாளைத் திரும்ப வாங்கப் போனார்.

"இருக்கு ஐயா" என்றாள் ஜுலைகா. அறையே அவளைப் பார்த்தது. "கடுமையான ஆட்சேபனை."

"ஜெயிலுக்குப் போகணும்னா?" என்றார் நீதிபதி.

"ஒரு நிமிஷம் என் கட்சிக்காரர்கிட்ட பேசணும்." அவள் கூண்டின் அருகே போய்க் குரலைத் தாழ்த்தினாள். "ஜெசிந்தா, இப்ப இவங்க வாபஸ் வாங்கினா நாளைக்கு வேற மனு போடுவாங்க. விலை ஏறிடுச்சு, வசதி இருக்குன்னு. நீங்க திரும்ப அழிப்பீங்க, இவங்க திரும்ப வருவாங்க. சாகற வரைக்கும். ஆனா ஒரு டிகிரிக்கு ஒரு தடவை ஜெயிலுக்குப் போய் வெளிய வந்தவங்களை, அதே டிகிரிக்காகத் திரும்பத் தொடவே முடியாது. கடன் இருக்கும். கைது இருக்காது. அவங்க கையில இருக்கற ஒரே சாட்டை அது. இன்னைக்கு உள்ள போனா அது உடைஞ்சிடும். உங்க இஷ்டம்."

ஜெசிந்தாவின் முகத்தில் அந்த மாதத்தின் முதல் சிரிப்பு வந்தது. நீதிபதியைப் பார்த்துச் சொன்னாள், கடல் செய்தி வாசிக்கும் அதே குரலில்:

"நான் போறேன்யா."

"ஐயா, மனுதாரரே வேண்டாம் என்கிறபோது..." என்றார் வைத்தியலிங்கம்.

திருமலைக்கொழுந்து செருமினார். "நீங்க கேட்டீங்க. படி கட்டினீங்க. நான் விசாரிச்சேன். உத்தரவு சொல்லியாச்சு, கையெழுத்தும் போட்டாச்சு. கடன் கொடுத்தவருக்கு மனசு மாறும்போதெல்லாம் திறந்து மூடறதுக்கு ஜெயில் என்ன உங்க ஆபீஸ் பீரோவா?" தாளைக் கிளார்க்கின் கையில் வைத்தார். "அமீனாவைக் கூப்பிடுங்க."

சிவில் கைதிகளுக்கான அறையில் ஜெசிந்தா ஒருத்திதான். கடனுக்கு உள்ளே வந்தவர்களைக் குற்றவாளிகளோடு வைக்க மாட்டார்கள். சொந்தத் துணி, ஒரு மின்விசிறி, உயரத்தில் ஒரு ஜன்னல். முதல் சில நாள் விடியற்காலையில் தானாக எழுந்து உட்கார்ந்தாள். காற்று எந்தப் பக்கம் என்று ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலிலிருந்து ஒரு புளியமரம்தான் தெரிந்தது. அதன் இலையசைவை வைத்துத் தனக்குத்தானே செய்தி வாசித்துக்கொண்டாள். ஊரில் சங்கச் செயலாளர் வாசித்தார். படகுகள் அவரையும் கூப்பிட்டு, அவர்தானா என்று கேள்வி கேட்டு அறுத்தெடுத்தன. புதிய பழக்கம் நிலைத்துவிட்டது என்று பார்க்க வந்த ஜுலைகா சொன்னாள்.

கஸ்பார் ஒரு தடவைதான் வந்தான். கம்பிக்கு அப்பால் நின்று, "நானா இருந்தா வித்திருப்பேன்" என்றான். "அதான் எனக்கு வெக்கமா இருக்கு" என்றான் பிறகு.

இரண்டாவது மாதத்துக்கான படியைக் கரைமணி ஃபைனான்ஸ் கட்டவில்லை. உள்ளே இருக்கும் குரலால் அவர்களுக்குப் பிரயோசனமில்லை. படி வராவிட்டால் கைதியை வைத்திருக்க முடியாது. ஜெயிலர் ஒரு காலையில் கதவைத் திறந்துவிட்டார்.

வாசலில் கஸ்பார் நின்றான். அவனுக்குச் சற்றுத் தள்ளி, காருக்குப் பக்கத்தில், நிரஞ்சன். புத்தம் புதிய ஒப்பந்தம் கையில் இருந்தது.

"வணக்கம்க்கா. போன தடவை சொன்னதைவிட மூணு மடங்கு. ஞாபகப்படுத்தற காலுக்குப் பயன்படுத்த மாட்டோம்னு எழுதியே தர்றோம். விளம்பரத்துக்கு மட்டும்தான்."

"கையெழுத்துப் போடலன்னா ஜெயிலா தம்பி?"

அவன் தரையைப் பார்த்தான். "இனிமே முடியாதுன்னு எங்க வக்கீல் சொல்லிட்டாருக்கா. இது வேண்டுகோள்தான்."

கஸ்பார் முன்னால் வந்தான். சட்டைப் பைக்குள் கைவிட்டு மடித்த நோட்டுகளை எடுத்து அவள் கையில் வைத்தான். நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடலுக்குப் போய்ச் சம்பாதித்த ஒரு மாதக் கூலி. உப்பு பூத்து விறைத்திருந்தது பணம். "நீ சொன்னேல்லா, மாசாமாசம்னு" என்றான்.

அவள் எண்ணாமல் அதை நிரஞ்சனிடம் நீட்டினாள். "பிடிங்க. முதல் தவணை."

"அக்கா, இப்பல்லாம் ரொக்கம் நாங்க..."

"வாங்க மாட்டேன்னு சொல்லப் போறீங்களா? கடன்காரி கட்ட வந்தா, வாங்க மாட்டேன்னு?"

அவன் வாங்கிக்கொண்டான். காரை நோக்கித் திரும்பியவனை அவள் விடவில்லை.

"ரசீது?"

"ரசீது புக்கெல்லாம் எங்ககிட்ட கிடையாதுக்கா. எல்லாம் ஆட்டோமேட்டிக்கா..."

"மெஷின் குடுக்கறது எனக்கு வேண்டாம். உங்க கையால எழுதிக் குடுங்க."

எழுத அவனிடம் வேறு தாள் இல்லை. ஒப்பந்தத்தைக் கவிழ்த்து, கார் பானெட்மேல் வைத்து, அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தான். பேனா பிடித்துப் பழக்கமில்லாத கை. எழுத்துகள் கோணிக்கொண்டு போயின. ஜெசிந்தா பக்கத்தில் நின்று, பெற்றுக்கொண்டேன் என்பதற்கு எங்கே ஒற்று வரும் என்று சொல்லிக்கொடுத்தாள்.